கடைசி அறைக்குப் போகாத சூடு

நாரின் என்கிற மலையூரில் ஜனவரி மாதம் பால் கறக்கப் போகிறவர்கள் செம்பு எடுத்துக்கொண்டு போவதில்லை, சாக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். பால் கட்டி கட்டியாக விழும். நம்பாதவர்கள் கனிம்பூபுவைக் கேட்டுக்கொள்ளலாம். நேரில் பார்த்ததாகத்தான் சொல்வாள். அவள் நேரில் பார்க்காத விஷயம் என்று அந்த ஊரில் எதுவும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது அவள் வேலை. எதற்கு, ஏன், எப்படி என்று கேட்பது அவள் பிழைப்பு. பல் டாக்டர் அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது ஊரில் மற்றவர்களைப் போல ஐயோ அம்மா என்று கத்தவில்லை. திறந்த வாயை மூடாமல், அதற்கு வேர் எத்தனை என்று விரலைக் காட்டிக் கேட்டாள். டாக்டர் பயந்துபோய்ப் பல்லைக் கழுவி அவள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவள் புருஷன் சகின்பெக்குக்கு அந்த வியாதி கிடையாது. லாரி ஓட்டி ஓய்ந்த ஆள். அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும். ஆனால் மனசு தாராளம். தெருவில் போகிறவன் தும்மினால்கூட, விருந்தாளி வந்துவிட்டான் என்று கதவைத் திறந்து நிற்பார். வீட்டிலேயே பெரிய அறை விருந்தாளிகளுக்கு. கூரை முட்டுகிற அளவுக்கு மெத்தைகள், சுவர் கொள்ளாத கம்பளம். வீட்டுக்காரர்கள் அதற்குள் போவது தூசி தட்ட மட்டும்தான்.

வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டையும் அவரேதான் செய்தார். பின்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு பாய்லர். அதில் கரி போட்டால் தண்ணீர் கொதிக்கும். ஒரு சின்ன மோட்டார் அந்தத் தண்ணீரைக் குழாயில் தள்ளிவிடும். தண்ணீர் முதலில் விருந்தாளி அறைக்குப் போகும். அப்புறம் சமையலறை, அப்புறம் அவரும் கனிம்பூபுவும் படுக்கிற அறை, எல்லாவற்றுக்கும் கடைசியாக, மகன் கல்யாணத்துக்கென்று புதிதாக ஒட்டிக் கட்டிய அறை. ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்குக் கீழே விலா எலும்பு மாதிரி ஒரு ரேடியேட்டர், அதற்கு ஒரு வால்வு. சூட்டைக் கொடுத்து ஆறிய தண்ணீர் அந்தந்த அறையிலிருந்தே இன்னொரு குழாய் வழியாகப் பாய்லருக்கே திரும்பிவிடும். விருந்தாளி அறைக்கு மட்டும் ரேடியேட்டர் இரண்டு, அதுவும் யானை விலா.

அந்த ஊரில் விருந்தாளிக்கு டீ ஊற்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. குடிக்கக் குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தால், நீ இன்னும் இருக்க வேண்டும் என்று பொருள். விளிம்பு வரை ஊற்றிவிட்டால், குடி, எழுந்து போ. பக்கத்து வீட்டு அசான்குல் ஒருநாள் காலையில் வந்து உட்கார்ந்து, தன் கழுதைக்கு வந்த வயிற்றுப்போக்கைப் பற்றி மத்தியானம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, கனிம்பூபு அவர் கிண்ணத்தை விளிம்பு வரை ரொப்பினாள். கழுதை பிழைத்ததா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவளுக்கே அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் போன இலையுதிர்காலத்தில் அய்சிரெக் மருமகளாக வந்தாள். ஜலாலாபாத் பக்கத்துப் பெண். அங்கே மாதுளை மரமும் அத்தி மரமும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். பனியைக் காலண்டரில் பார்த்திருக்கிறாள். கனிம்பூபுவின் மகன் நுர்தோலோத், மலைக் கணவாயில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். வேலைக்குப் போனால் சில நாள் கழித்துத்தான் திரும்புவான், வந்ததும் கரடி மாதிரி தூங்குவான். கரடிக்குக் குளிர் தெரியாது.

மருமகள் வந்த ஒரு மாதத்தில் தெரு முழுக்க அவள் புகழ் பரவிவிட்டது. காரணம், அவள் எழுந்திருக்கிற நேரம். சேவலுக்கு முன்னால் எழுந்து, அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, பூர்சோக் என்கிற குட்டி ரொட்டித்துண்டுகளை எண்ணெயில் பொரித்து முடித்த பிறகுதான் சேவல் கண்ணைத் திறக்கும்.

"உன் மருமகதான் போய் சூரியனை எழுப்பி விடறாளாமே கனிம்பூபு," என்றார் அசான்குல், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. "என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. சூரியன் வந்து எழுப்பினாலும் புரண்டு படுக்குது."

"உங்க கழுதை என்னாச்சு?" என்றாள் கனிம்பூபு.

அசான்குல் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புகழ் காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கனிம்பூபுவுக்கு மண்டைக்குள் ஓர் எறும்பு ஊர்ந்தது. புதிதாகக் கல்யாணம் ஆன பெண். புருஷன் வீட்டில் இருக்கிற நாளிலும் இருட்டோடு எழுந்து அடுப்படிக்கு ஓடிவருகிறாள் என்றால், அது சுறுசுறுப்பு இல்லை, வேறு ஏதோ சமாச்சாரம்.

ஒருநாள் காலையில் மருமகள் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கம்பளம் தட்டுகிற சாக்கில் கடைசி அறைக்குள் நுழைந்தாள். உள்ளே மூச்சு விட்டாள், மூச்சு அவளுக்கு முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி ஒரு காட்டையே வரைந்து வைத்திருந்தது. தலையணை மேல் ஒரு ரோமத்தொப்பி. ரேடியேட்டரைத் தொட்டாள். கைமாற்று கேட்கப் போனால் சொந்தக்காரன் முகம் ஒரு மாதிரி ஆகுமே, அப்படி இருந்தது.

"அய்சிரெக், இங்க வாடி."

மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிற?"

"வேலை இருக்கே அத்தை."

"தொப்பி போட்டுக்கிட்டா தூங்குற?"

"ஒரு தொப்பிதான் அத்தை."

"ஒண்ணுதானா? இன்னொண்ணு எங்க?"

"அது உங்க மகன் தலையில இருக்கு."

கனிம்பூபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், கன்னமெல்லாம் மாவு.

"அடுப்புப் பக்கத்துல உக்காந்தா சூடா இருக்கும்னு வருவேன் அத்தை. சும்மா உக்காந்திருந்தா நல்லா இருக்காதேன்னு மாவு பிசைவேன். பிசைஞ்ச மாவை என்ன பண்றது? பொரிச்சுடுவேன்."

ஆக, ஊரே மெச்சிய சுறுசுறுப்பு மொத்தமும் குளிர். அந்த வீட்டில் எல்லாரும் இரண்டு சுற்றுப் பெருத்ததற்கும் அதுதான் காரணம்.

"இதை ஏன் வாயைத் திறந்து சொல்லல?"

"மாமா கையால கட்டின ரூம். குறை சொன்னா நல்லாவா இருக்கும்? அத்தை, எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அதுதான் விஷயம். அய்சிரெக்கின் அம்மா உமுத்கான் கல்யாணத்தன்றே பந்தியில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லியிருந்தாள்: "என் பொண்ணு உங்க ஊர்ல விறைச்சான்னு தெரிஞ்சா, அவளை மெத்தையோட சுருட்டிக்கிட்டுப் போய் பனி உருகுற வரைக்கும் என் வீட்டுல வச்சுக்குவேன்." எல்லாரும் சிரித்தார்கள். உமுத்கான் சிரிக்கவில்லை. அந்த உமுத்கான் அடுத்த வாரம் வருவதாகப் போன் செய்திருந்தாள். நாரினில் பனி உருகுவது என்றால் அது ஏப்ரலோ மேயோ.

கனிம்பூபு அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சூப்பைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். அவள் சொல்கிற கதைகளைப் புருஷன் முப்பது வருஷமாகக் கேட்டுவிட்டார். சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன்னமே எழுந்து போய்விடுவார். மகன் பாதியில் தூங்கிவிடுவான். சாக்கில் பால் கறந்த கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், அப்புறம் சாக்கு ஒழுகாதா என்று திருப்பிக் கேட்டவள், உலகத்திலேயே அய்சிரெக் ஒருத்திதான். குளிர்காலம் முழுக்க அவள் இல்லாத சமையலறையை நினைத்துப் பார்த்தாள். சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

சகின்பெக்கிடம் சொன்னாள். அவர் அசரவில்லை.

"குளிருதா? இன்னும் கரி போட்டா போச்சு."

போட்டார். பாய்லர் கர்ப்பிணிப் பசு மாதிரி முக்கியது, முனகியது. எல்லா வால்வையும் முழுசாகத் திறந்துவிட்டார். விருந்தாளி அறையில் கம்பளத்தில் நெய்திருந்த மானுக்கே நாக்கு வெளியே தள்ளியது. அங்கே நிற்க முடியாமல் ஜன்னலைத் திறந்து வைத்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே, நாரின் முழுக்க இருக்கிற சிட்டுக்குருவிகள் வந்து இறக்கையை விரித்துக் குளிர் காய்ந்தன. கடைசி அறையில் பனிக்காட்டில் புதிதாக இரண்டு மரம் முளைத்திருந்தது, அவ்வளவுதான்.

"குழாய்ல காத்து அடைச்சிருக்கு," என்றார் சகின்பெக். ரேடியேட்டர் முனையில் இருக்கும் குட்டித் திருகைத் திறந்தார். காற்று வரவில்லை, தண்ணீர்தான் பீய்ச்சியது, அவர் முகத்தில்.

"மோட்டார் நோஞ்சான். பெருசா ஒண்ணு போட்டா சரியாயிடும்."

"அந்த மோட்டார்தானே விருந்தாளி ரூமுக்கும் தண்ணி தள்ளுது? அங்க மட்டும் எப்படி பயில்வானா இருக்கு?"

"ஏ கிழவி, தண்ணிக்குத் தன் வழி தெரியும். நீ போய் சூப்பைக் கிளறு."

தனக்குத் தெரியாத ஒரு விஷயம் தண்ணீருக்குத் தெரியும் என்று சொன்னால் கனிம்பூபு சும்மா இருப்பாளா?

மறுநாள் சகின்பெக் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, மாமியாரும் மருமகளும் ஆட்டுவால் கொழுப்பை நகத்தளவு துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் இரண்டு துண்டு. தண்ணீர் உள்ளே நுழைகிற குழாய் மேல் ஒன்று, வெளியே போகிற குழாய் மேல் ஒன்று. எது எப்போது உருகுகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். அந்த வீட்டுச் சாம்பல் பூனையும் கூடவே வந்தது. அதற்கும் இதில் மிகுந்த ஆர்வம்.

விருந்தாளி அறையில் வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் இரண்டு துண்டும் ஒன்றாக உருகி ஓடின. சமையலறையில் உள்ளே வருகிற பக்கம் உருகியது, வெளியே போகிற பக்கம் சற்று யோசித்துவிட்டு உருகியது. கடைசி அறையில் இரண்டுமே அசையவில்லை. பூனை அங்கேயே உட்கார்ந்து, குழந்தை கல்கண்டு கடிப்பது மாதிரி ஒன்றைக் கடிக்க ஆரம்பித்தது.

"இங்க பாரு," என்றாள் கனிம்பூபு, விருந்தாளி அறைக்குத் திரும்பி வந்து. வெளியே போகிற குழாயைத் தொட்டு, கையை வெடுக்கென்று இழுத்து, சுட்ட விரலை ஆற்றக் காதுமடலில் வைத்துக்கொண்டாள். "வரும்போது இருந்த சூட்டோடயே வெளிய போகுது. அப்ப தண்ணி இந்த ரூமுக்கு என்னத்தைக் குடுத்துச்சு?"

"இந்த ரூமே கொதிக்குதே அத்தை."

"கொதிக்குது. அதுக்கு மேல இதால வாங்க முடியல. வாங்க முடியலன்னு தெரிஞ்சும் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. இங்க ஓட்டமா ஓடி, திரும்ப பாய்லருக்கு ஓட்டமா ஓடிடுது. உன் ரூம் வரைக்கும் நடக்க அதுக்கு என்ன தலையெழுத்து? பக்கத்துலயே வாசல் அகலமா திறந்து கிடக்கே."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குள் ஏதோ பளிச்சென்றது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மணி அடித்ததும் பெரிய பையன்கள்தான் வரிசையில் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்கிற அளவுக்கு அள்ளி ஊற்றினால் ஒண்ணாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பாத்திரத்தைச் சுரண்டி ஓசைதான் போட முடியும். அண்டாவைப் பெரிதாக்கினாலும் பயன் இல்லை. பையன்கள் தட்டைப் பெரிதாக்கிவிடுவார்கள். முன்னால் நிற்கிறவனுக்குக் கரண்டியைக் கொஞ்சம் சரித்துப் பிடிக்க வேண்டும். அவன் வயிறும் ரொம்பும், வால்பக்கத்துக்கும் போய்ச் சேரும். இதைத்தான் அவள் இருபது வருஷமாகக் கையால் செய்துகொண்டிருந்தாள், மண்டைக்குத்தான் இன்றைக்குத் தெரிந்தது.

"அடியே, உன் ரூம் வால்வைத் திறந்து புண்ணியமில்லை. இந்த ரூம் வால்வை மூடணும்."

"மூடினா எனக்கு எப்படி அத்தை சூடு வரும்?"

"அதைத்தான் பாக்கப் போறோம்."

யானை விலா இரண்டின் வால்வையும் பாதிக்கு மேல் மூடினாள். சமையலறையில் கால்வாசி, தன் அறையில் கால்வாசி. கடைசி அறையை முழுசாகத் திறந்தாள். உப்புப் போடுகிற மாதிரிதான். போட்டுவிட்டு உடனே ருசி பார்க்கக் கூடாது, கொஞ்சம் கொதிக்க விட வேண்டும். கொதிக்க விடுவதற்குள் சகின்பெக் சந்தையிலிருந்து வந்துவிட்டார்.

வால்வின் கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே திரும்பினால் மூடியிருக்கிறது. போகிற வழியில் அவர் கண் அதில் பட்டது.

"இதை யார் திருப்பினது?"

"நான்தான். புள்ளைங்க ரூமுக்குச் சூடு போகட்டும்னு."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "விருந்தாளி ரூம் வால்வை மூடறதும் விருந்தாளி மூஞ்சியில கதவைச் சாத்தறதும் ஒண்ணுதான். எங்கப்பன் வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல."

"உங்கப்பா வீட்டுல வால்வே இல்ல. சாணி எரிச்சார்."

"அதையும் விருந்தாளிக்குத்தான் முதல்ல எரிச்சார்." சொல்லிவிட்டு முழுசாகத் திறந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊமை யுத்தம். அவர் கரி அள்ளப் போவார், அவள் மூடுவாள். அவள் வேலைக்குப் போவாள், அவர் திறப்பார். ஒரு தடவை கைப்பிடி குறுக்கே இருப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பூனையை எங்கயாவது கொண்டுபோய் விடணும்," என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். தண்ணீருக்கே எந்தப் பக்கம் போவது என்று குழம்பியிருக்கும்.

அப்படியே வாரம் ஓடிப்போய், ஒருநாள் மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. உமுத்கான் இறங்கினாள். ஆள் குட்டை, ஆனால் தொண்டைக்கு உயரம் அதிகம்.

"எங்க என் பொண்ணு? மூக்கு இருக்கா விழுந்துடுச்சா?"

"ரெண்டு மூக்கு இருக்கு சம்பந்தி, வாங்க, வாங்க," என்றார் சகின்பெக். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. உமுத்கானை விருந்தாளி அறையில், வாசலுக்கு எதிர்ப்புறம், யானை விலாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் புது உடுப்புப் போர்த்துவது மரியாதை. பஞ்சு வைத்துத் தைத்த நீல வெல்வெட் அங்கியைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டார். போர்த்திய அங்கியைப் போர்த்திய வீட்டில் கழற்றுவது மரியாதை இல்லை. பாய்லருக்கு இன்னும் இரண்டு வாளி கரி போட்டார். சிட்டுக்குருவிகள் சொல்லி அனுப்பியது போல வந்து சேர்ந்தன.

உமுத்கான் உட்கார்ந்தாள். நெற்றியில் முத்து கோர்த்தது. முத்து வழிந்து மூக்குக்கு வந்தது. அங்கியின் பித்தானைக்கூட அவள் தொடவில்லை. கனிம்பூபுவுக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம் ஒரு மனுஷி எவ்வளவு தூரம் தாங்குவாள் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

"ரூம் நல்லா இருக்கு சம்பந்தி," என்றாள் உமுத்கான், மூச்சு வாங்கிக்கொண்டு. "இதே மாதிரிதான் எம்பொண்ணு ரூமும் இருக்கும், இல்ல?"

சகின்பெக் தாடியைத் தடவினார்.

"டீ குடிச்சிட்டு அங்கதான் போய் படுக்கப் போறேன். மாப்பிள்ளைதான் மலையில வேலையா இருக்காரே, மககூட ஒரு ராத்திரியாவது படுத்துப் பேசணும்."

அய்சிரெக் கெண்டியோடு முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தாள். டீ ஊற்றுவது மருமகள் வேலை. அம்மாவுக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். அத்தைக்குப் பாதி. பிறகு மாமனாரின் கிண்ணத்தை எடுத்தாள். பாதி வந்தது, நிறுத்தவில்லை. முக்கால் வந்தது, நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றி, இன்னும் ஒரு சொட்டு விட்டு, டீ பாலாடை மாதிரி விளிம்புக்கு மேலே உப்பி நிற்க, மாமனார் முன்னால் வைத்தாள்.

ஒரு மருமகள், மாமனார் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, மாமனாரைப் பார்த்து, குடித்துவிட்டு வெளியே போ என்று சொல்லியாயிற்று. உமுத்கானின் வியர்வைகூட நின்றுவிட்டது.

"அடிப்பாவி, என்ன காரியம்டி பண்ற?" என்றாள் அம்மா.

சகின்பெக் கிண்ணத்தையே பார்த்தார். "இது என்னம்மா?"

அய்சிரெக் தலையைத் தூக்கவில்லை. காது சிவந்திருந்தது. "இந்த ரூம் வால்வு, மாமா."

"என்னது?"

"விருந்தாளிக்குக் கிண்ணத்துல பாதிதானே ஊத்துறோம். ரொம்ப ஊத்தினா போயிடுன்னு அர்த்தம். இங்க வால்வை முழுசா திறந்து வச்சிருக்கு. எங்கம்மா வந்ததுலேர்ந்து இந்த ரூம் அவங்களைப் போ போன்னு சொல்லுது. அவங்களும் பாவம், மரியாதைக்கு உக்காந்திருக்காங்க."

அப்புறம் மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள். "கடைசி ரூம்ல ஒரு சொட்டுகூட ஊத்தல மாமா."

சகின்பெக் சம்பந்தியைப் பார்த்தார். மூக்கு நுனியில் ஒரு துளி, ஒரு வாரமாக அவர் பார்த்த எந்தக் குழாயிலும் இல்லாத அழுத்தத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க சம்பந்தி. புழுங்குதா?"

"எனக்கு முதுகுல ஆடு வெந்துக்கிட்டிருக்கு," என்றாள் உமுத்கான். "போர்த்தின அங்கியை எப்படிக் கழட்டறதுன்னு பாக்கறேன். அதிருக்கட்டும், கடைசி ரூம்ல சொட்டுகூட இல்லையா? அப்ப எம்பொண்ணு விறைச்சுக்கிட்டா கிடக்கா?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. கனிம்பூபு எல்லாவற்றையும் சொன்னாள்: தொப்பி, மாவு, கொழுப்புத் துண்டு, பூனை, கரண்டி. சொல்லும்போது கை தானாகச் சூப்பு அள்ளியது. "முன்னால நிக்கிறவனுக்குக் கரண்டியைச் சரிச்சுப் பிடிச்சா போதும் சம்பந்தி. எனக்கு ஒரு வேளை அவகாசம் குடுங்க, நான் காட்டறேன்."

"ஒரு வேளை என்ன ஒரு வேளை? நாளைக்குக் காலையில காரு வருது. எம்பொண்ணு அதுல வருவா."

"விருந்துக்கு அடுப்புல ஏத்தின ஆடு வேகற நேரம். அது வரைக்கும்தான் கேக்கறேன்."

உமுத்கான் மகளைப் பார்த்தாள். மகள் அத்தையின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது உமுத்கானின் கண்ணில் பட்டது.

"சரி. ஆடு வேகட்டும். தின்னுட்டு இந்த அங்கியோடயே அந்த ரூமுக்குப் போய் உக்காருவேன். அங்க இதைக் கழட்டத் தோணிச்சுன்னா பொண்ணு இங்க இருக்கட்டும். கழட்டத் தோணலன்னா காலையில கிளம்பறோம். பேச்சு மாற மாட்டேன்."

சகின்பெக் எழுந்தார். எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். விளிம்பு வரை நிரம்பிய கிண்ணத்தை எடுத்து ஒரு சொட்டு சிந்தாமல் நின்றபடியே குடித்தார். "போகச் சொல்லிட்டா, போறேன்," என்று சொல்லிவிட்டு, தானே போய் யானை விலா இரண்டின் வால்வையும் திருப்பினார்.

"இவ்வளவா கிழவி?"

"இன்னும் கொஞ்சம்."

"விருந்தாளி குளிர்ல செத்துடுவா."

"விருந்தாளி உயிரோட இருக்கிறதே இப்பதான். திருப்பு கிழவா."

ஆடு வெந்தது. எந்த வீட்டிலும் எந்த ஆடும் அவ்வளவு நிதானமாக வெந்ததில்லை. கனிம்பூபு அடுப்பைக் குறைத்தாள், பாய்லரையும் குறைக்கச் சொன்னாள், இடையிடையே ஓடி ஓடிப் போய்க் கடைசி அறைக் குழாயைத் தொட்டுவிட்டு வந்தாள். முதலில் உள்ளே வருகிற குழாய், செத்த மீன் உயிர் பெறுவது மாதிரி வெதுவெதுத்தது. சமையலறையை இன்னும் ஒரு நூல் மூடினாள். அப்புறம் ரேடியேட்டரின் முதல் விலா சூடானது, இரண்டாவது விலா, மூன்றாவது. அவள் ஒவ்வொரு விலாவாக எண்ணிக்கொண்டு மாட்டு டாக்டர் மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் பனிக்காடு உச்சியிலிருந்து ஒழுக ஆரம்பித்தது. பூனை அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பூனை மரியாதைக்காக எந்த இடத்திலும் படுக்காது.

சாப்பாட்டில் உமுத்கானுக்கு வால் எலும்பும் நல்ல சதையும் வந்தது. ஒவ்வொரு துண்டையும் நிதானமாகச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினாள் கனிம்பூபு. கடைசியில் உமுத்கான் கையைத் துடைத்து, பிரார்த்தனைக்குக் கையை ஏந்தி முகத்தில் தடவி, அங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

கடைசி அறையில் தரையில் உட்கார்ந்தாள். மற்ற மூன்று பேரும் எதிரே வரிசையாக உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்கள். விதை போட்டுவிட்டு முளைக்கிறதா என்று குனிந்து பார்க்கிற குழந்தைகள் மாதிரி.

"என்ன, என் மூஞ்சியில பயாஸ்கோப்பா ஓடுது?"

"ஒண்ணுமில்ல சம்பந்தி. எப்படி இருக்கு?"

"பரவால்ல."

கொஞ்ச நேரம் போனது. உமுத்கானின் மூக்குக்கு மேல் ஒரு மினுமினுப்பு. பேச்சு மாற மாட்டேன் என்றவள், உடனே விட்டுக்கொடுக்கவும் மாட்டாள். அத்தி மரத்தைப் பற்றிப் பேசினாள். அக்கா மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். ஒரு துளி காதோரம் இறங்கியது. அதைக் கனிம்பூபு கண்ணாலேயே தாடை வரை கூட்டிக்கொண்டு போனாள்.

ரேடியேட்டரின் வெளியே போகிற குழாய் மேல், ஒரு வாரத்துக்கு முன்னால் வைத்து எல்லாரும் மறந்துபோன, பூனை மிச்சம் வைத்த கொழுப்புத் துண்டு ஒன்று இருந்தது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வழுக்கியது. சொத்தென்று பூனையின் தலையில் விழுந்தது. பூனை துள்ளிக் குதித்து உமுத்கானின் மடியில் வந்து விழுந்தது. உமுத்கான் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்ததும் பித்தானைத் திறந்தாள். அங்கி முதுகிலிருந்து நழுவியது.

"பூனைக்காகத்தான் கழட்டினேன்," என்றாள்.

"பூனைக்காகவேதான்," என்றார் சகின்பெக். "நாங்க வேற எதுவும் நினைக்கல."

அய்சிரெக் அங்கியை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள், அம்மா மறுபடி கேட்டால் கொடுக்காமல் இருக்க.

மறுநாள் விடிந்தது. சேவல் கூவியது, கூவிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தது. புகைபோக்கியில் புகை இல்லை. கனிம்பூபுதான் எழுந்து வந்து அடுப்பு மூட்டினாள். பாய்லர் வழக்கமாகத் தின்கிற கரியில் பாதி அப்படியே வாளியில் கிடந்தது. விருந்தாளி அறையில், ஜன்னல் மூடியிருந்ததால், குருவிகள் வெளியே உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தன. கடைசி அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே இரண்டு குறட்டை. ஒன்று ஜலாலாபாத் பெரிய குறட்டை, ஒன்று குட்டிக் குறட்டை.

வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகு உமுத்கான் மட்டும் எழுந்து வந்தாள்.

"எம்பொண்ணைக் கெடுத்து வச்சிருக்கீங்க சம்பந்தி. எங்க வீட்டுல இருந்தப்ப இப்படியா தூங்குவா? எழுப்பினா, இன்னும் கொஞ்ச நேரம்மான்னு புரண்டு படுக்கறா."

"சத்தம் போடாதீங்க, தூங்கட்டும்," என்றாள் கனிம்பூபு. சம்பந்திக்குப் பாதிக் கிண்ணம் டீ ஊற்றினாள். வாசலில் கார் ஹாரன் அடித்தது. உமுத்கான் தனியாகத்தான் போய் ஏறினாள், நீல அங்கி இல்லாமல், குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு.

காரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அசான்குல் நின்றிருந்தார்.

"என்ன கனிம்பூபு, விடியக்காலையில உங்க வீட்டுல புகையே காணோமே. மருமகளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சேச்சே. அவ தூங்கறா," என்றாள் கனிம்பூபு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "மணி எத்தனை ஆச்சு பாத்தீங்களா? இன்னும் தூங்கறா." பிறகு வேலி ஓரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சரி, உள்ள வாங்க. டீ போட்டிருக்கேன். பாதிக் கிண்ணம்தான் ஊத்துவேன். அந்தக் கழுதை பிழைச்சுதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க."